இரும்பின் மஞ்சள், கோபால்ட்டின் நீலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு கிண்ணத்தின் வகையையும் வயதையும் அறிய விரும்பும் சேகரிப்பாளர், அதன் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்பாகவே அதைக் கவிழ்த்து, அது நிற்பதற்காக அமைக்கப்பட்ட அடிவளையம் கிண்ணத்தின் வயிற்றோடு சேரும் மூலையைப் பார்க்கிறார். மெருகு, அதாவது மண்ணின் மேல் உருகிப் படிந்து கண்ணாடியாக இறுகும் பூச்சு, சூளையின் வெப்பத்தில் வழிந்து வந்து தேங்கும் இடம் அது. பூச்சு மற்ற எந்த இடத்தையும்விட அங்கே தடிப்பாக இருப்பதால், அதன் உண்மையான நிறம் அங்கேதான் வெளிப்படும். அந்தத் தேக்கம் மஞ்சளாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ இருந்தால் பாண்டம் கிரீம்வேர். நீலமாக இருந்தால் பேர்ல்வேர். முதல் வகை 1760களிலிருந்து ஏறத்தாழ 1820 வரையிலும், இரண்டாம் வகை 1770களின் நடுவிலிருந்து 1830கள் வரையிலும் ஆங்கிலேய வீடுகளின் உணவு மேசையில் மேலோங்கி இருந்தன. இரண்டுமே பீங்கான் அல்ல. பீங்கானின் மண் உயர்ந்த வெப்பத்தில் பகுதி கண்ணாடியாகி நீர் புகாததாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் மாறுகிறது. இவையோ நுண்துளைகள் நிறைந்த சுடுமண்ணின் மேல் ஈய மெருகு பூசப்பட்டவை என்பதால், விளக்குக்கு நேரே பிடித்தாலும் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியாது.

மஞ்சள், நீலம் என்ற இந்த இரண்டு சாயல்களுக்கும் காரணம் ஒன்றே: மண்ணிலிருந்தும் மெருகிலிருந்தும் முழுமையாக நீக்க முடியாத சிறிதளவு இரும்பு. கிரீம்வேர் செய்தவர்கள் அந்த இரும்பின் நிறத்தை அழகாக ஏற்றுக்கொண்டார்கள். பேர்ல்வேர் செய்தவர்கள் அதை மறைத்தார்கள். இந்தப் பாண்டங்களின் வரலாற்றில் அரசிகளும் வணிகர்களும் கால்வாய்களும் நிறையவே இடம்பெறுகின்றன என்றாலும், ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் பயன்படும் வரலாறு இந்த இரும்பின் வரலாறுதான்.

இங்கிலாந்தின் குயவர்கள் வெண்மையைத் தேடியதற்குக் காரணம் சீனப் பீங்கான். தேநீர் குடிக்கும் வழக்கம் மேல்தட்டிலிருந்து நடுத்தர வீடுகளுக்குப் பரவிய காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்திறங்கிய வெள்ளைக் கிண்ணங்களுக்கு நிகராக உள்ளூரில் எதுவும் இல்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் நிலக்கரி தாராளமாகக் கிடைத்தது. அங்கே கிடைத்த களிமண் சுட்டபின் சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியது. ஆகவே டெவன், டார்செட் மாவட்டங்களின் ‘பால் கிளே’ எனப்படும் வெளிர்நிறக் களிமண்ணைத் தெற்கிலிருந்து கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் கொண்டுவந்தார்கள். இரும்பு குறைவாகவும் குழைவு அதிகமாகவும் உள்ள இந்த மண் வனைவதற்கு ஏற்றது; ஆனால் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் தனியாகச் சுட்டால் வளையும், பிளக்கும். இந்தக் குறையைப் போக்க அதனுடன் சேர்க்கப்பட்டதுதான் சிக்கிமுக்கிக் கல்.

சிக்கிமுக்கிக் கல் ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. சூளையில் சுட்டெடுத்தால் அதன் கருமைக்குக் காரணமான கரிமப் பொருள் எரிந்துபோக, வெளுத்து, எளிதில் நொறுங்கும் நிலையை அடைகிறது. அதைப் பொடித்துக் களிமண்ணோடு கலந்தால் கலவை வெளுக்கிறது, சுருக்கம் குறைகிறது, வடிவம் நிற்கிறது. இந்தப் பொடியை உலர்ந்த நிலையில் இடித்தவர்களும் சலித்தவர்களும் நுரையீரல் இறுகிப்போகும் நோய்க்கு ஆளானார்கள். இன்று சிலிக்கோசிஸ் என்று அழைக்கப்படும் அந்நோய்க்கு அங்கே ‘குயவர் நோய்’ என்பதுபோன்ற ஊர்ப்பெயர்கள் வழங்கின. கல்லை நீருக்கடியில் அரைத்தால் தூசி எழாது என்ற எண்ணத்தில் தாமஸ் பென்சன் என்பவர் 1726லும் 1732லும் பெற்ற காப்புரிமைகள் அரவை வேலையின் ஆபத்தைக் குறைத்தன. ஆனால் உலர்ந்த பாண்டத்தைத் தேய்த்துத் துடைப்பதும், பட்டறைத் தரையைப் பெருக்குவதும் தூசியைக் கிளப்பிக்கொண்டேதான் இருந்தன. சேகரிப்பாளர்களின் அலமாரியில் இருக்கும் வெண்மைக்கு இப்படி ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இத்துறையின் அழகான படநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

களிமண்ணும் சிக்கிமுக்கிப் பொடியும் சேர்ந்த இந்தக் கலவை முதலில் கிரீம்வேருக்காக உருவானதல்ல. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உள்ளே உப்பை வீசினால், அதிலிருந்து பிரியும் சோடியம் ஆவி பாண்டத்தின் மேற்பரப்பிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து மெருகாகிவிடும். இவ்வாறு செய்யப்பட்ட வெள்ளை உப்பு மெருகுப் பாண்டங்கள் 1720களிலிருந்து புகழ்பெற்றிருந்தன. அவற்றின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலின் சொரசொரப்பைக் கொண்டது, வெள்ளிக் கரண்டிகளைத் தேய்த்துக் கெடுத்தது. அதே கலவையைக் குறைந்த வெப்பத்தில் சுட்டு, உப்புக்குப் பதிலாக ஈயம் கொண்ட மெருகைப் பூசினால் வழவழப்பான, இளமஞ்சள் பாண்டம் கிடைக்கும் என்பதே கிரீம்வேரின் பிறப்பு. இதில் தீர்மானமான மாற்றம் 1740களின் தொடக்கத்தில் வந்தது. டன்ஸ்டால் ஊரைச் சேர்ந்த ஈனாக் பூத் என்பவரோடு இணைத்துச் சொல்லப்படும் இந்த முறையில், ஈயச் சேர்மத்தையும் சிக்கிமுக்கிப் பொடியையும் நீரில் கரைத்துக் கூழாக்கி, ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்ட பாண்டத்தை அதில் முக்கியெடுத்து, மீண்டும் சுட்டார்கள். முதல் சூட்டில் நுண்துளைகளோடு கெட்டிப்பட்டிருக்கும் மண் கூழின் நீரை உறிஞ்சிக்கொள்ள, மெருகுத் துகள்கள் சீரான படலமாக மேலே ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாம் சூட்டில் அவை உருகிப் பரவுகின்றன. முன்பு உலர்ந்த ஈயத் தாதுப் பொடியை ஈரமண்ணின் மேல் தூவி ஒரே சூட்டில் முடித்த வழக்கத்தோடு ஒப்பிட்டால், இந்த இரட்டைச் சூடு தந்த சீர்மை பெரிது. 1743 என்ற ஆண்டும் ‘ஈ.பி.’ என்ற முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்ட ஒரு கிண்ணம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஈயத்தை ஏன் விடவில்லை என்பதும் இங்கே கேட்கத்தக்கது. சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம் வேண்டும். ஈய ஆக்சைடு அந்த வெப்பநிலையை ஆயிரத்தின் அருகே இறக்கிவிடுகிறது. அதோடு ஈய மெருகு உருகிய நிலையில் நன்றாக வழிந்து பரவி, ஊசித்துளைகளைத் தானே மூடிக்கொள்ளும். சூளையின் வெப்பம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதன் ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் பளபளப்பும் ஆழமும் கூடும். நிலக்கரிச் சூளையில் வெப்பத்தைக் கண்ணால் மட்டுமே கணித்த ஒரு காலத்தின் குயவருக்கு இதைவிட வசதியான பொருள் இருந்திருக்க முடியாது. மெருகுக் கூழில் நாள்முழுதும் கைவிட்டவர்களுக்கு அது நஞ்சாக இருந்தது என்பது அன்றே தெரிந்திருந்தும் ஈயம் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

ஈய மெருகுக்கு ஒரு நிபந்தனை உண்டு: சூளையில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்க வேண்டும். புகை மண்டினால் ஈய ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் பறிக்கப்பட்டு, மெருகு கறுத்துக் கொப்புளிக்கும். பாண்டங்களைச் சாகர் எனப்படும் சுடுமண் பெட்டிகளுக்குள் அடுக்கி, புகை நேரடியாகப் படாமல் காத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்சிஜன் நிறைந்த சூழலில் இரும்பு மூன்று எலக்ட்ரான்களை இழந்த ஃபெரிக் நிலையில் இருக்கும். அந்த நிலையிலுள்ள இரும்பு ஊதா, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் எஞ்சித் திரும்பும் ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. சீனாவின் ஜிங்தெஜென் சூளைகளில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே ஈயம் இல்லாத, சுண்ணாம்பு சேர்ந்த மெருகை, ஆக்சிஜன் குறைந்த புகைச் சூழலில், 1250 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சுட்டார்கள். இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த ஃபெரஸ் நிலைக்கு வந்து, மெருகுக்கு மெல்லிய நீலச் சாயலைத் தந்தது. ஐரோப்பியர் ‘தூய வெண்மை’ என்று வியந்த சீனப் பீங்கானிலும் இரும்பு இருக்கத்தான் செய்தது. அது நீலம் பேசியது, ஸ்டாஃபோர்ட்ஷயரில் மஞ்சள் பேசியது.

இந்த மஞ்சளைக் குறையாகக் கருதாமல் விற்கத் துணிந்தவர்களில் தலையாயவர் ஜோசையா வெஜ்வுட். 1730இல் பர்ஸ்லெம் ஊரின் குயவர் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவயதில் பெரியம்மையால் முழங்கால் பழுதாகி, 1768இல் அந்தக் காலையே இழந்தவர். தாமஸ் வீல்டன் என்ற தேர்ந்த குயவரோடு 1754 முதல் கூட்டாக இருந்தபின், 1759இல் தனித் தொழில் தொடங்கினார். அந்த ஆண்டில் அவர் எழுதத் தொடங்கிய சோதனைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மெருகுக் கலவைக்கும் எண் உண்டு, சூளையில் அது வைக்கப்பட்ட இடமும் உண்டு. மண்ணையும் மெருகையும் சிறுகச் சிறுகத் திருத்தி, 1760களின் தொடக்கத்தில் ஆழ்ந்த வெண்ணெய் நிறத்தில் இருந்த பாண்டத்தை அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் வெளிறிய நிறத்துக்குக் கொண்டுவந்தார். அரசி சார்லட் 1765இல் ஒரு தேநீர்த் தொகுதியை வாங்கியதும், அந்தப் பாண்டத்துக்கு ‘குவீன்ஸ் வேர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார். தரத்தை எட்டியதில் அவருக்குப் போட்டியாளர்கள் இருந்தார்கள். தரத்தைப் பெயராகவும் பெயரைப் பணமாகவும் மாற்றியதில் இல்லை.

சூளை வெப்பத்தை அளக்க அவர் செய்த கருவி இந்த நூலின் நோக்கில் தனிக் கவனம் பெற வேண்டியது. களிமண் சூடேற ஏறச் சுருங்குகிறது, ஆறியபின் அந்தச் சுருக்கம் மீள்வதில்லை. ஆகவே ஒரே அளவில் வெட்டிய சிறு களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்தெடுத்து, போகப்போகக் குறுகும் ஒரு பள்ளத்தில் அவை எதுவரை நழுவுகின்றன என்று பார்த்தால், சூளை எட்டிய வெப்பத்தை ஓர் எண்ணால் குறிக்கலாம். 1782இல் இதை ராயல் சொசைட்டிக்கு விளக்கிய வெஜ்வுட் மறு ஆண்டே அதன் உறுப்பினரானார். அவருடைய அளவுகோலை ஃபாரன்ஹீட் பாகைகளாக மாற்றிய கணக்கு மிகப் பெரிய அளவில் பிழையானது. இருந்தாலும் ஒரு சூளையின் வெப்பத்தை மற்றொரு சூளையோடு ஒப்பிடுவதற்கு அது போதுமானதாக இருந்தது, குயவருக்கு வேண்டியதும் அந்த ஒப்பீடே.

கிரீம்வேரின் பரவலில் மற்றவர்களின் பங்கும் உண்டு. லிவர்பூலின் ஜான் சாட்லரும் கை கிரீனும் செப்புத் தகட்டுச் சித்திரத்தை மெல்லிய தாளில் எடுத்துப் பாண்டத்தில் பதிக்கும் முறையைக் கையாண்டு, 1756 ஜூலை 27 அன்று ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் அச்சிட்டதாக உறுதிமொழி அளித்தார்கள். 1761 முதல் வெஜ்வுட் தம் பாண்டங்களை அச்சிடுவதற்காக அவர்களிடம் அனுப்பினார். 1777இல் முடிந்த டிரென்ட்–மெர்சி கால்வாய், குதிரைமுதுகில் குலுங்கி உடைந்த சரக்கைப் படகுக்கு மாற்றியது. இந்தப் பாண்டத்தின் புகழ் உச்சத்தைத் தொட்டது 1774இல், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக முடிக்கப்பட்ட 952 உருப்படிகள் கொண்ட விருந்துத் தொகுதியில். தவளைச் சதுப்பு என்று பொருள்படும் பெயருள்ள இடத்தில் எழும்பிய அரண்மனைக்கு என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளை வரையப்பட்டது. அதோடு பிரிட்டனின் 1222 காட்சிகள். அதன் பெரும்பகுதி இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பேரரசி தங்கத்திலோ பீங்கானிலோ உண்ணாமல் சுடுமண் தட்டுகளைத் தருவித்தார் என்பதே ஐரோப்பாவெங்கும் ஒரு விளம்பரமாயிற்று.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் வாங்குவோர் வெண்மையையே நாடினார்கள். அதற்கான மண் கார்ன்வாலில் இருந்தது. பிளிமத் நகரின் மருந்தாளர் வில்லியம் குக்வொர்தி, சீனாவில் பீங்கானுக்குப் பயன்பட்ட கயோலின் எனப்படும் வெண்களிமண்ணையும் அதனுடன் சேரும் பாறையையும் அங்கே கண்டறிந்து, 1768இல் பீங்கான் செய்யும் காப்புரிமையைப் பெற்றார். அது பின்னர் பிரிஸ்டலின் ரிச்சர்ட் சாம்பியன் கைக்குப் போனது. 1775இல் சாம்பியன் அதை நீட்டிக்க நாடாளுமன்றத்தை அணுகியபோது, வெஜ்வுட் தலைமையில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் எதிர்த்தார்கள். முடிவில், ஒளி ஊடுருவும் பீங்கானுக்கான உரிமை சாம்பியனிடமே நின்றது. ஒளி ஊடுருவாத பாண்டங்களில் கார்ன்வால் மண்ணைப் பயன்படுத்தும் உரிமை எல்லாக் குயவர்களுக்கும் கிடைத்தது. இரும்பு மிகக் குறைந்த அந்த மண் கலந்ததும் பாண்டத்தின் உடல் வெளுத்தது. மெருகின் மஞ்சள் மட்டும் மிஞ்சியது.

அந்த மிச்சத்தைத் தீர்க்கக் குயவர்கள் கையாண்ட வழி, வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் எவருக்கும் தெரிந்ததுதான்: துவைத்தும் போகாத பழுப்பின் மேல் சிறிது நீலத்தைச் சேர்த்தால், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து துணி வெளுத்ததாகத் தோன்றும். மெருகில் அந்த நீலத்தைத் தந்தது கோபால்ட். சாக்சனி நாட்டுச் சுரங்கங்களின் தாதுவிலிருந்து எடுக்கப்பட்ட இந்தப் பொருள், கண்ணாடியில் கரைந்ததும் பச்சை தாண்டிய மஞ்சள், ஆரஞ்சு ஒளியை உறிஞ்சி நீலத்தை விட்டுவிடுகிறது. மிக நுண்ணிய அளவே போதும். இரும்பு நீலத்தையும் கோபால்ட் மஞ்சளையும் உறிஞ்சும்போது, திரும்பி வரும் ஒளியில் எந்த நிறமும் ஓங்கி நிற்பதில்லை என்பதால் கண் அதை வெள்ளை என்று ஏற்கிறது. ஆனால் உறிஞ்சும் பொருள் ஒன்றுக்கு இரண்டாகிவிட்டதால், திரும்பும் ஒளியின் மொத்த அளவு குறைகிறது. கண்டிப்பாகச் சொன்னால் கோபால்ட் சேர்ந்த மெருகு, சேராத மெருகைவிட மங்கலானது. தட்டின் பரப்பில் மெருகு மெல்லியதாக இருப்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. அடிவளையத்தின் மூலையில், கைப்பிடி ஒட்டும் இடத்தில், வார்ப்பு வேலைப்பாட்டின் பள்ளங்களில் மெருகு தடிக்கும்போது நீலம் வெளியே வந்துவிடுகிறது.

இந்தப் பாண்டத்தை வெஜ்வுட் கண்டுபிடித்தார் என்று பல பழைய நூல்கள் எழுதின. அவர் 1779இல் ‘பேர்ல் ஒயிட்’ என்ற பெயரில் தம் பாண்டத்தை வெளியிட்டது உண்மை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1775ஐ ஒட்டி, ஸ்டாஃபோர்ட்ஷயரின் மற்றக் குயவர்கள் ‘சைனா கிளேஸ்’, அதாவது சீன மெருகு, என்ற பெயரில் நீலம் தோய்ந்த மெருகுப் பாண்டங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நோக்கம் சீனப் பீங்கானைப் போலத் தோற்றமளிப்பது. நீலத்தில் வரைந்த கோபுரங்களும் வேலிகளும் மரங்களும் அந்த நோக்கத்துக்கு உதவின. வெஜ்வுட்டே தம் முத்து வெண்மையை முன்னேற்றமாகக் கருதாமல் ஒரு மாறுதலாகவே கருதினார். கிரீம்வேர் அசல், மற்றது போலி என்ற அவரது பார்வையில் வணிகனின் தற்பெருமை கலந்திருந்தாலும், வேதியியல் அவர் பக்கம் பேசுகிறது: சீனத்தில் இரும்பே தந்த நீலச் சாயலை இங்கே கோபால்ட்டை ஊற்றி வரவழைக்க வேண்டியிருந்தது.

பேர்ல்வேரில் மிகுதியாகப் புழங்கியது, விளிம்பில் சிப்பியின் வரிகள்போல் வார்க்கப்பட்டு நீலமோ பச்சையோ தீட்டப்பட்ட ‘ஷெல் எட்ஜ்’ தட்டு. மலிவு காரணமாக அது கடல்கடந்து போய், வட அமெரிக்காவின் பண்ணை வீடுகள், விடுதிகள், அடிமைகளின் குடியிருப்புகள் என எங்கும் உடைந்து புதைந்தது. விளிம்பு சமச்சீரற்ற அலைகளாக இருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது அடுத்ததன் தொடக்கம்; ஒரே அளவான வளைவுகளாக இருந்தால் 1800க்குப் பிந்தைய முப்பது நாற்பது ஆண்டுகள்; வளைவே இல்லாமல் வட்டமாக ஓடினால் பெரும்பாலும் 1840க்குப் பிறகு என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் ஸ்டான்லி சவுத் 1970களில் இத்தகைய அறிவைக் கணக்காக்கினார். ஒவ்வொரு பாண்ட வகைக்கும் அது செய்யப்பட்ட காலத்தின் நடு ஆண்டை எடுத்துக்கொண்டு, கிடைத்த ஓடுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் அந்த இடம் பயன்பட்ட காலத்தின் சராசரி ஆண்டு கிடைக்கும். அவரது பட்டியலில் சாதாரண கிரீம்வேரின் நடு ஆண்டு 1791. ஒரு குழியில் அதன் ஓடுகள் 20ம், நடு ஆண்டு 1805 எனக் கொள்ளப்பட்ட பேர்ல்வேர் ஓடுகள் 30ம் கிடைத்தன என்று வைத்துக்கொண்டால், சராசரி 1799 என்று வரும். பாட்டியின் தட்டைப் பேத்தி பயன்படுத்தும் வீடுகளில் இந்தக் கணக்கு தடுமாறும் என்றாலும், எழுத்துச் சான்றே இல்லாத இடங்களுக்கு இது நல்ல தொடக்கம்.

மோக்கா எனப்படும் அலங்காரமும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. பாண்டத்தின் மேல் நிறக் களிமண் கரைசலைப் பூசி, அது உலர்வதற்குள், புகையிலைச் சாறு போன்ற அமிலத் திரவத்தில் உலோக ஆக்சைடு கலந்து ஒரு சொட்டு வைத்தால், அது தானாகவே கிளைவிட்டு மரமாகவோ பாசியாகவோ பரவும். பரப்பிழுவிசை குறைந்த திரவம், அது கூடுதலாக உள்ள ஈரப்பரப்பால் வெளிநோக்கி இழுக்கப்படுவதே இந்த ஓட்டத்தின் அடிப்படை. கெட்டியான கரைசல் எதிர்ப்பதால் முனைகள் கிளைகளாகப் பிரிகின்றன. தூரிகை தொடாத ஓவியம் என்பதால் இரண்டு மோக்காக் குவளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சேகரிப்பாளர் கைக்கு இந்தப் பாண்டங்கள் வரும்போது இருநூறு ஆண்டுச் சேதங்களும் உடன் வருகின்றன. மெருகில் வலைபோல் ஓடும் மயிரிழை விரிசல், மண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஏற்படுவது. ஆறும்போது மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்க முயன்றால் அது இழுபட்டுப் பிளக்கும். மண் அதிகமாகச் சுருங்கினால் மெருகு அழுத்தத்தில் நின்று உறுதியாக இருக்கும். சிக்கிமுக்கிப் பொடியின் மற்றொரு பயன் இங்கே தெரிகிறது: சூளையில் அதன் ஒரு பகுதி கிரிஸ்டோபலைட் என்ற படிக வடிவத்துக்கு மாறுகிறது, ஆறும்போது இருநூறு டிகிரியை ஒட்டி அந்தப் படிகம் திடீரெனச் சுருங்குவதால் மண் மெருகை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் நுண்துளை மண் காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சிச் சிறிதே வீங்குவதால் அந்தப் பிடி தளர்ந்து, வனைந்து வெகுகாலம் கழித்தும் விரிசல் தோன்றலாம். அதன் வழியே உள்ளே போன எண்ணெயும் தேநீரும் பழுப்புக் கறையாகப் படிகின்றன. குளோரின் வெளுப்பான்களால் அதைப் போக்க முயல்வது தவறு. அவை விட்டுச்செல்லும் உப்பு துளைகளுக்குள் படிகமாகி, மெருகையே பெயர்த்துவிடும். உடைந்த இடத்தைப் பொருத்தி மேலே சாயம் பூசிய பழுதுபார்ப்பு, புற ஊதா விளக்கின் கீழ் பெரும்பாலும் சுற்றுப்புற மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். இந்தத் தட்டுகளில் உண்பதையும் தவிர்க்க வேண்டும்; எலுமிச்சையும் வினிகரும் பழைய மெருகிலிருந்து ஈயத்தைக் கரைத்தெடுக்கும்.

யார் செய்தது என்ற கேள்விதான் மிகக் கடினமானது. பெரும்பாலான கிரீம்வேர் முத்திரையின்றியே வெளியே போனது. ஒரே அச்சுவடிவங்களையும் மாதிரிப் புத்தகங்களையும் பல பட்டறைகள் பகிர்ந்தன. முத்திரை இருந்தாலும் நிம்மதி இல்லை. ‘வெஜ்வுட் அண்ட் கோ’ என்பது ஜோசையாவின் முத்திரை அல்ல. ஸ்டாக்டனின் வில்லியம் ஸ்மித் நிறுவனம் பெயரின் நடுவில் ஓர் ‘ஈ’ எழுத்தைச் சேர்த்து விற்றுவந்ததை 1848இல் நீதிமன்றம் தடுத்தது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்ட அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1891ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்யப்பட்டது என்று கொள்வதே பாதுகாப்பு. கையால் ஒவ்வொன்றாகத் துளையிட்ட விளிம்புகளுக்கும் முறுக்கிய இரட்டைக் கைப்பிடிகளுக்கும் பெயர்பெற்ற லீட்ஸ் பட்டறையின் பெயர், ஒரு காலத்தில் கண்ணில் பட்ட கிரீம்வேருக்கெல்லாம் ஒட்டப்பட்டது. போதாக்குறைக்கு, அந்நகரின் ஸ்லீ என்ற பழம்பொருள் வணிகர் 1880களின் இறுதியிலிருந்து பழைய வடிவங்களை மீண்டும் செய்வித்து, ‘லீட்ஸ் பாட்டரி’ என்ற முத்திரையோடு விற்றார். டொனால்ட் டவுனர் 1957 முதல் எழுதிய நூல்கள் இந்தக் குழப்பத்தில் ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தன. வடிவத்தோடு கைப்பிடி முனைகள், மூக்குகள், பூ வார்ப்புகள் ஆகியவற்றை ஒப்பிடும் முறையை அவர் வகுத்தார்.

அதற்கும் மேலான சான்று மண்ணுக்கடியில் இருந்து வந்தது. சூளையில் வளைந்தும் ஒட்டிக்கொண்டும் போன பாண்டங்களைக் குயவர்கள் பட்டறைக்கு அருகிலேயே கொட்டினார்கள். அப்படிக் கொட்டியதை எவரும் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஃபென்டன் ஊரில் வில்லியம் கிரேட்பாட்ச் என்ற குயவரின் கழிவுக்குவியலை 1970களின் இறுதியிலிருந்து தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது, அதுவரை வீல்டன், வெஜ்வுட், லீட்ஸ் என்றெல்லாம் அருங்காட்சியகங்களில் பெயரெழுதி வைக்கப்பட்டிருந்த தேநீர்க் கெண்டிகளின் கைப்பிடிகளும் மூக்குகளும் அங்கே ஓடுகளாகக் கிடைத்தன. 1782இல் திவாலாகி, பின்னர் வெஜ்வுட்டிடமே வேலைக்குச் சேர்ந்த அந்தக் குயவரின் பெயர், அதற்குப் பிறகே பல கெண்டிகளின் விளக்க அட்டைகளில் ஏறியது.